இறைச்சிக் கொட்டிலிலிருந்து ஆய்வுகூடம் வரை: யோனி இழைய ஆய்வைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"படிகார நீரால் கழுவினால் உள்ளே இருக்கிற தோல் கெட்டுப்போகுமா அக்கா?"

சித்த மருத்துவம் படிக்கும் தங்கை ஒருத்தி கேட்ட கேள்வி இது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அதனால் இந்த ஊரில் இப்படிப்பட்ட கேள்வி எழுவது புதுமை அல்ல. வெள்ளைபடுதலுக்குப் படிகார நீர், திரிபலாக் கசாயம், மஞ்சள் நீர் என்று வீட்டுக்கு ஒரு கழுவுநீர் இருக்கிறது. கடையில் விற்கும் வாசனைக் கழுவுநீர்களும் வந்துவிட்டன. இவற்றில் எது யோனியின் உட்சுவரைப் புண்ணாக்கும், எது ஊடுருவி உள்ளே போகும் என்பதை ஒரு பெண்ணின் உடம்பில் போட்டுப் பார்க்க முடியாது, கூடாது. அந்த இடத்தில்தான் விலங்கு இழையம் உதவுகிறது. உயிருள்ள விலங்கைப் பற்றி நான் பேசவில்லை. இறைச்சிக்காக ஏற்கனவே அறுக்கப்பட்ட விலங்கின், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகிற பகுதியைத்தான் சொல்கிறேன்.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான். நீங்களும் பிழை விடுவீர்கள். அவை புதிய பிழைகளாக இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"படிகாரம் நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு எந்த இழையமும் பதில் சொல்லாது. "ஒரு வீதப் படிகாரக் கரைசல் 30 நிமிடம் பட்டால், மேலணியின் (உட்சுவரை மூடியுள்ள கலப் படையின்) கலங்கள் சாகின்றனவா?" என்று கேட்டால் சொல்லும். "அது பட்ட பிறகு வேறொரு பொருள் முன்னைவிட வேகமாக உள்ளே ஊடுருவுகிறதா?" என்று கேட்டாலும் சொல்லும். செறிவு, நேரம், அளக்கும் பொருள் மூன்றையும் ஒரே வசனத்தில் எழுத முடியாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறைச்சிக் கொட்டிலுக்குப் போகாதீர்கள்.

இப்படிச் சின்னக் கேள்விகளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு நொனொக்சினோல்-9இன் கதையைச் சொல்வேன். விந்தணுவைக் கொல்லும் இந்தப் பொருள் பல ஆண்டுகளாகக் கருத்தடைக் களிம்புகளில் இருந்தது. சோதனைக்குழாயில் எச்.ஐ.வி. வைரசையும் கொன்றது. ஆகவே அது பெண்களைக் காக்கும் என்று நம்பினார்கள். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழில் செய்த பெண்களிடையே நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2002இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அந்தக் களிம்பு காக்கவில்லை. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று அபாயம் கூடியிருந்தது. வைரசின் உறையைக் கரைக்கும் அதே தன்மை மேலணிக் கலங்களின் மென்சவ்வையும் கரைக்கிறது. வேலி காக்கும் என்று வைத்த மருந்தே வேலியைத் தின்றது. மேலணியின் நிலையை முதலில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் கொடுத்த விலையால் நாம் கற்றுக்கொண்டோம்.

ஏன் பன்றி, ஏன் முயல் இல்லை

மனித யோனியின் உட்சுவர் படைகொண்ட செதின் மேலணி, அதாவது தட்டையான கலங்கள் பல படைகளாக அடுக்கியது. தோலைப்போல மேலே கெரட்டின் படை இறுகியிருக்காது. ஆகவே தங்கையின் வாயில் வந்த "தோல்" என்ற சொல்லை முதல் நாளே திருத்தினேன். பன்றியின் யோனி மேலணியும் இதே வகை. தடிப்பிலும், கலங்களுக்கு இடையே உள்ள கொழுப்பிலும், பொருட்களை உள்ளே விடும் அளவிலும் அது மனிதருடையதற்கு நெருக்கமானது. ஸ்குவியர், ஷ்லிவர்ட் ஆகியோரின் குழு 2008இல் வெளியிட்ட கட்டுரை, உடலுக்கு வெளியே வைத்த பன்றி யோனி இழையத்தை ஊடுருவலுக்கும் நோயாக்கத்துக்குமான மாதிரியாக விரிவாக விளக்கியது. இந்தத் துறைக்குள் வருகிறவர் முதலில் தேடிப் படிக்க வேண்டியது அதுதான்.

எரிச்சல் சோதனைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது உயிருள்ள முயல். ஆனால் முயலின் யோனியில் மேற்பகுதி ஒற்றைப் படைக் கம்ப மேலணி. மனிதரைவிட எளிதில் புண்ணாகும். சுண்டெலியின் சுழற்சி நான்கைந்து நாட்கள்தான். அதற்குள் மேலணி தடித்து, கெரட்டின் ஏறி, உதிர்ந்துவிடும். செம்மறியும் ஆடும் பயன்படக்கூடியவை. வெளிநாட்டு நிறுவனங்கள் மனிதக் கலங்களிலிருந்து வளர்த்து விற்கும் செயற்கை யோனி மேலணியும் உண்டு. அதன் விலையும், குளிர்ப்பெட்டியில் விமானமேறி நம் கைக்கு வந்துசேரும் காலமும் நம்மைப் போன்ற சிறிய ஆய்வுகூடங்களுக்குச் சரிவராது.

பன்றி இழையத்தால் சொல்ல முடியாததும் இருக்கிறது. மனித யோனியில் பெரும்பாலும் இலற்றோபசிலசுகள் என்ற அமிலம் சுரக்கும் பற்றீரியாக்கள் ஆட்சி செய்து, பிஎச் (அமிலத்தன்மை) அளவை ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. பன்றியில் அப்படி இல்லை. அங்கே பிஎச் நடுநிலைக்குப் பக்கம், இலற்றோபசிலசுகளும் குறைவு. வெட்டியெடுத்த துண்டில் இரத்த ஓட்டமும் இல்லை, உள்ளே வந்த பொருளை அகற்ற ஈரலும் இல்லை. "நுண்ணுயிர்ச் சமநிலையைக் கெடுக்கிறதா" என்ற கேள்வியை இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

அனுமதியும் அயலவரும்

இறைச்சிக் கழிவுதானே, நெறிமுறைக் குழுவுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, "முழு மீளாய்வு தேவையில்லை" என்ற பதிலையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரை வெளியிடும்போது அதை நிச்சயம் கேட்பார்கள். அறுக்கும் இடத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் எதை, எந்தப் பெட்டியில், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு கடிதம் கையில் இருந்தால், வீதிச் சோதனையில் பெட்டியைத் திறந்து காட்டும்போது முகம் சிவக்காமல் பதில் சொல்லலாம்.

இன்னொன்று, இதை எந்தக் கைந்நூலும் எழுதுவதில்லை. திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடம் என்றால் அதில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்தே வேலை செய்வார்கள். பன்றி இழையத்தைக் கொண்டுவருவதற்கு முன், கொண்டுவந்த பிறகு அல்ல, எல்லோரிடமும் கேளுங்கள். தனி மேசை, தனிக் கத்தரி, தனிக் குளிர்ப்பெட்டித் தட்டு ஒதுக்குங்கள். யாராவது தொட விரும்பாவிட்டால் காரணம் கேட்காதீர்கள். அவர்கள் அளவீட்டையோ கணக்கையோ பார்த்துக்கொள்ளட்டும். பன்றியே வேண்டாம் என்று முடிவானால் ஆட்டு இழையத்தோடு தொடங்குங்கள். ஆனால் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: இறைச்சிக் கடைக்கு வருபவை பெரும்பாலும் கிடாய்கள். மறி அறுபடும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். எந்த விலங்கைத் தேர்ந்தாலும் ஓர் ஆய்வுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

இழையம் வாங்கப் போகிற நாள்

இலங்கையில் பன்றி வளர்ப்பு மேற்குக் கரையில்தான் செறிந்திருக்கிறது: சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு. அங்கிருந்து திருகோணமலைக்கு வான் வண்டியில் வந்தாலும் ஏறத்தாழ ஐந்து மணிநேரம் ஆகும். உயிருள்ள கலங்களை அளக்க வேண்டுமென்றால், அறுத்ததிலிருந்து மூன்று நான்கு மணிநேரத்துக்குள் துண்டுகள் ஊடகத்தில் (கலங்களை உயிரோடு வைக்கும் ஊட்டக் கரைசலில்) இருக்க வேண்டும். இந்தக் கணக்கு உதைக்கிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன்.

கலங்கள் சாகின்றனவா என்று பார்ப்பதற்குப் பக்கத்தில் கிடைக்கும் புதிய இழையம் வேண்டும். அது பன்றியானாலும் சரி, ஆடானாலும் சரி. இல்லையேல் மேற்குக் கரையிலேயே ஓர் ஆய்வுகூடத்தில் மேசை இரவல் வாங்கி, அங்கேயே அந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும். ஊடுருவலை மட்டும் பார்ப்பதானால் தூரம் பெரிதல்ல. மேலணியின் தடுப்பு பெரும்பாலும் கலங்களுக்கு இடையே உள்ள கொழுப்பில் இருக்கிறது. கவனமாக விரைந்து உறைய வைத்துப் பின் உருக்கிய மனித யோனிச் சளிச்சவ்வில் நீர் ஊடுருவும் வேகம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்று தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உறைந்த இழையத்தில் கலங்கள் இறந்திருக்கும். தடுப்பு நின்றிருக்கும். எதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று தெளிவாக இருந்தால் போதும்.

நாட்காட்டியைப் பாருங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் அறுப்பு இல்லை. போயாவுக்கு முதல் நாள் கொட்டிலில் நெரிசலாக இருக்கும், உங்களுக்கு நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. அந்த இரண்டு நாட்களையும் விட்டுவிடுங்கள்.

அறுப்பவரிடம் எப்படிக் கேட்பது? முதல் முறை நான் கூச்சத்தில் "கர்ப்பப்பை வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். கர்ப்பப்பை கிடைத்தது. அது மட்டுமே கிடைத்தது. "பெண் பன்றியின் கர்ப்பப்பையை, சூலகங்களோடும் சிறுநீர்ப்பையோடும், வெளித் துவாரம் வரை அறுக்காமல் முழுதாக வேண்டும்" என்று சொல்லுங்கள். மேற்குக் கரையில் சிங்களம் நன்றாகப் பேசுபவர் ஒருவர் கூட வருவது நல்லது. படிப்புக்காக என்று சொன்னால் பெரும்பாலானோர் மரியாதையோடு எடுத்துத் தருகிறார்கள். காசு கொடுங்கள். இலவசமாக வாங்கினால் அடுத்த முறை உங்களுக்காக யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

மயிர் நீக்க உடலை வெந்நீரில் தோய்க்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த நீர் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ். துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள இழையம் அதில் வெந்துபோகும். வெளிப்பகுதி வெளிறி, தொட்டால் விறைப்பாக இருந்தால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

பெட்டிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் பெட்டியே போதும், ஆனால் புதியதாக வாங்குங்கள். இழையத்தைக் குளிர்ந்த ஊடகம் அல்லது தாங்கல் (பிஎச் மாறாமல் காக்கும்) உப்புக் கரைசல் நிரப்பிய மூடிபோட்ட போத்தலில் போட்டு, போத்தலை இரட்டைப் பையில் கட்டி, பனிக்கட்டிக்கும் போத்தலுக்கும் நடுவில் ஒரு துவாயை வையுங்கள். பனிக்கட்டி நேரே பட்டால் ஓரங்கள் உறைந்து கலங்கள் வெடிக்கும். என் இரண்டாவது தொகுதி அப்படித்தான் போனது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பனிக்கட்டியை நீங்கள் நினைப்பதைவிட இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள்.

மேசையில்

கையுறை இரட்டையாக. பன்றியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், நீங்கள் வெட்டுவது சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில். ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

முதலில் சூலகங்களைப் பாருங்கள், யோனியைப் பிறகு வெட்டலாம். பன்றியின் இனப்பெருக்கச் சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள். அதன் ஓமோன்களுக்கு ஏற்ப மேலணி தடித்தும் மெலிந்தும் போகும். சூலகத்தில் திராட்சைக் குலைபோலத் திரண்ட மஞ்சட் சடலங்கள் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திரளைகள்) இருக்கின்றனவா, பெரிய தெளிந்த புடைப்புகள் இருக்கின்றனவா, இரண்டும் இல்லாமல் சிறு மணிகள் மட்டுமா? மூன்றாவது வகையானால் பருவமடையாத பன்றியாக இருக்கலாம். இறைச்சிக்கு அறுக்கப்படும் இளம் பன்றிகளில் அது சாதாரணம். எதுவானாலும் குறிப்பேட்டில் எழுதி, கைப்பேசியில் படம் எடுங்கள். பின்னால் ஒரு பன்றியின் எண்கள் மட்டும் ஒத்துவராமல் நிற்கும்போது இந்தப் படம்தான் காப்பாற்றும்.

அடுத்து, எது யோனி என்று கண்டுபிடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். பன்றியின் கருப்பைக் கழுத்து நீளமானது, உள்ளே ஒன்றோடொன்று கோத்த மேடுகளாக இருக்கும். அது யோனியோடு எங்கே சேர்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மறுபக்கம், துவாரத்துக்கு அருகில் இருப்பது யோனி வாயில் பகுதி, யோனி அல்ல. நீளவாக்கில் வெட்டித் திறந்து, தரையில் சிறுநீர்வழி திறக்கும் துளையைத் தேடுங்கள். அந்தத் துளைக்கும் கழுத்தின் மேடுகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ளது மட்டுமே உங்களுக்கு வேண்டியது. துளைக்கு வெளியே உள்ளதை எடுத்துவிட்டு இரண்டு மாதம் வேலை செய்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

பிறகு உட்பக்கத்தைத் தேய்க்காமல் கரைசலை ஊற்றிக் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த ஊடகத்தில் சற்று நேரம் வையுங்கள். பென்சிலின், ஸ்ரெப்ரோமைசின், பூஞ்சைக்கு அம்போதெரிசின் என்பது வழக்கமான கூட்டு. பின்னர் பற்றீரியா சேர்க்கும் எண்ணமிருந்தால் இதைத் தவிர்க்க வேண்டும் அல்லது முற்றாகக் கழுவ வேண்டும். 5 மில்லிமீட்டர் பயொப்சி (இழையத் துண்டு எடுக்கும்) அச்சினால் வட்டங்கள் வெட்டி, அடியில் உள்ள தசையை வளைந்த கத்தரியால் கழித்துவிடுங்கள். மெல்லிய துண்டுக்குத்தான் அடியிலிருந்து ஊட்டம் ஏறும். 0.4 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வுக் கிண்ணத்தில், மேலணி மேலே பார்க்க வைத்து, ஊடகத்தை அடியில் மட்டும் ஊற்றுங்கள். மேற்பரப்பு காற்றில் இருக்க வேண்டும். மூழ்கிவிட்டால் நீங்கள் ஊற்றும் மருந்து பக்கங்களால் இறங்கி எல்லா இடத்தையும் தொட்டுவிடும்.

காபனீரொட்சைட்டு வசதியுள்ள அடைகாப்பான் இல்லாதவர்கள் கவனிக்க: வழக்கமான ஆர்.பி.எம்.ஐ. ஊடகம் இருகாபனேற்றுத் தாங்கலை நம்பியிருக்கிறது. சாதாரண அடைகாப்பானில் சில மணிநேரத்தில் செம்மஞ்சள் நிறம் ஊதாச் சிவப்பாக மாறும். காரத்தன்மை ஏறிவிட்டது என்று பொருள். எப்பெஸ் தாங்கல் சேர்த்த ஊடகத்தை வாங்குங்கள். மின்வெட்டு நேரத்தில் அடைகாப்பானின் கதவைத் திறந்து பார்க்கும் ஆவலையும் அடக்குங்கள்.

படிகாரம் பாலாகிப் போன நாள்

முதல் பரிசோதனையில் நாங்கள் படிகாரத்தைப் பொசுபேற்றுத் தாங்கல் கரைசலில் கரைத்தோம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அது கைக்கெட்டும் போத்தல். கரைசல் உடனே பால்போல் கலங்கியது. படிகாரத்தின் அலுமினியமும் கரைசலின் பொசுபேற்றும் சேர்ந்து அலுமினியம் பொசுபேற்றாக வீழ்படிந்துவிட்டது. அந்தக் கலங்கலை இழையத்தில் ஊற்றியிருந்தால், "படிகாரம் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருப்போம். படிகாரமே அங்கே இருந்திருக்காது.

யோனித் திரவத்தைப் போன்ற கரைசலில் கரைப்பதே பொருத்தம். 1999இல் ஓவன், காட்ஸ் இருவரும் வெளியிட்ட செய்முறை இன்றும் பயன்படுகிறது. ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 3.51 கிராம், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 1.40, கல்சியம் ஐதரொட்சைட்டு 0.222, மாட்டு நீர்ப்பாய அல்புமின் 0.018, இலற்றிக் அமிலம் 2.00, அசற்றிக் அமிலம் 1.00, கிளிசரோல் 0.16, யூரியா 0.4, குளுக்கோசு 5.0 கிராம். கடைசியில் பிஎச் 4.2க்குச் சரிசெய்ய வேண்டும். எல்லாம் சாதாரண இரசாயனங்கள். குளுக்கோசு இருப்பதால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும், அன்றன்றைக்குச் செய்யுங்கள்.

கட்டுப்பாடுகள் இல்லாமல் இந்த வேலை வெறும் சமையல். ஒரு துண்டுக்கு எதுவும் ஊற்றாதீர்கள். இன்னொன்றுக்கு வெறும் யோனித் திரவக் கரைசல். மூன்றாவதற்கு நிச்சயம் சேதப்படுத்தும் ஒன்று: கலச் சவ்வைக் கரைக்கும் ட்ரைற்றன் எக்ஸ்-100 ஒரு வீதம் போதும். அது சேதப்படுத்தவில்லை என்றால் உங்கள் அளவீடு குருடு. படிகாரத்துக்கு நான்காவதும் வேண்டும். படிகார நீரே அமிலம், பிஎச் 3 முதல் 3.5 வாக்கில் நிற்கும். சேதம் தெரிந்தால் அது அலுமினியத்தாலா அமிலத்தாலா? அதே பிஎச் அளவுக்கு இலற்றிக் அமிலத்தால் இறக்கிய கரைசலையும் பக்கத்தில் ஓட்டினால்தான் பதில் சொல்ல முடியும். களிம்புகளையும் வழுக்குப் பசைகளையும் சோதிப்பவர்கள் சவ்வூடுபரவல் செறிவையும் (நீரை இழுக்கும் வலுவையும்) அளக்க வேண்டும். உலகச் சுகாதார அமைப்பு 2012இல் வெளியிட்ட குறிப்பில் வழுக்குப் பசைக்கு கிலோகிராமுக்கு 380 மில்லியொஸ்மோலுக்குக் கீழே இருப்பதே சிறந்தது, தற்காலிகமாக 1200 வரை ஏற்கலாம் என்று சொன்னது. கடைகளில் கிடைக்கும் சில பசைகள் இதைப் பன்மடங்கு தாண்டுகின்றன. அவை மேலணியிலிருந்து நீரை உறிஞ்சியே அதை உரிக்கும்.

அளத்தல்

எம்.ரி.ரி. என்பது மஞ்சள் நிறப் பொருள். உயிருள்ள கலங்களின் இழைமணி நொதியங்கள் முதலியவை அதை ஊதா நிறப் போர்மசானாக மாற்றும். ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் வரை கரைத்து, 37 பாகையில் மூன்று மணிநேரம் ஊற வைத்து, ஊதாவை ஐசோபுரொப்பனோலில் கரைத்தெடுத்து, 570 நனோமீட்டரில் வாசிக்கலாம். துண்டின் எடையால் வகுக்க மறக்காதீர்கள்.

கேட்க எளிமையாக இருக்கிறது. திரிபலாவைப் போட்ட அன்று, ட்ரைற்றனால் கொல்லப்பட்டிருக்க வேண்டிய துண்டுகளைவிட, ஏன், எதுவும் ஊற்றாத துண்டுகளைவிடவும் திரிபலாத் துண்டுகள் அடர் ஊதாவாக வந்தன. தங்கைக்கு மகிழ்ச்சி: "கலங்களைப் பெருக்கியிருக்கிறது!" எனக்குச் சந்தேகம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் தனின்கள் (துவர்ப்புப் பொருட்கள்) நிறைந்தவை. தனின் தானாகவே எம்.ரி.ரி.யைத் தாழ்த்தி ஊதாவாக்கும், கலமே தேவையில்லை. வெறும் குழாயில் கசாயத்தையும் எம்.ரி.ரி.யையும் கலந்தோம். ஊதா. மூலிகை எதையும் சோதிப்பதற்கு முன் இந்த வெறுங்குழாய்ச் சோதனை கட்டாயம். கூடவே உறைய வைத்துக் கொன்ற இழையத்தில் அதே மருந்தை ஊற்றி, அதில் வரும் நிறத்தைக் கழிக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் தோல் எரிச்சல் சோதனை வழிகாட்டி 439இலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. மஞ்சள் வேறு வகையில் ஏமாற்றும். குர்குமின் தானே நிறம் கொண்டது, தானே ஒளிர்வது. ஆகவே ஒளிர்வை அளக்கும் எந்த முறையிலும் அது கலந்து நிற்கும்.

நிறத்தை முழுதாக நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு துண்டுகளைப் பத்து வீதத் தாங்கல் போர்மலினில் போட்டு, வெட்டிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். போர்மலினில் போடும்போது இழையம் மீன் செதில்போலச் சுருளும், பிறகு நேராக வெட்ட முடியாது. ரெஜிபோம் பெட்டியின் ஒரு துண்டை வெட்டி, அதில் இழையத்தை ஊசிகளால் தட்டையாகக் குத்தி, தலைகீழாக மிதக்க விடுங்கள். அடுத்த கட்டத்துக்கு முன் ரெஜிபோமைக் கழற்றிவிடுங்கள். சைலீன் பட்டால் அது கரைந்து பசையாகிவிடும்.

ஊடுருவலுக்குப் பிரான்ஸ் பரவல் கலன் என்ற கண்ணாடிக் கருவி வேண்டும். நடுவில் இழையம், மேலறையில் மருந்து, கீழறையில் கலக்கி ஓடும் கரைசல். அரை மணிக்கு ஒருமுறை கீழறையிலிருந்து மாதிரி எடுத்து, எடுத்த அளவே புதிய கரைசலை ஊற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குச் சோடியம் புளோரெசீன் நல்ல சுவடுகாட்டி. ஆனால் அமிலத்தில் அதன் ஒளிர்வு மங்கும். மாதிரிகளை வாசிப்பதற்கு முன் எல்லாவற்றையும் பிஎச் 8க்கு மேலே ஏற்றிவிடுங்கள். முதல் அரை மணியிலேயே கீழறை பச்சையாக ஒளிர்ந்தால் நீங்கள் பெரும் கண்டுபிடிப்பு எதையும் செய்யவில்லை, இழையத்தில் ஓட்டை.

நச்சுகளுக்குப் போகும்போது

பலரும் இந்தத் துறைக்கு வருவது நச்சு அதிர்ச்சி நோயின் கதையைப் படித்துத்தான். 1978இல் டொட் என்பவரும் சகாக்களும் சிறுவர்களில் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். 1980இல் அமெரிக்காவில் மாதவிடாய் காலத்துப் பெண்களிடையே, அதிகம் உறிஞ்சும் தம்பன்களோடு (மாதவிடாயின்போது யோனிக்குள் வைக்கும் உறிஞ்சிகளோடு) தொடர்புபட்டு அது பரவலாகத் தெரிந்தது. ரிலை என்ற தயாரிப்பு அதே ஆண்டு செப்டெம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு சுரக்கும் காரண நச்சு 1981இல் அடையாளம் காணப்பட்டது. இந்த நச்சு மேலணியைக் கிழிப்பதில்லை. அது உள்ளே போய்ச் சேர்ந்தால் நோயெதிர்ப்புக் கலங்களை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகிறது. கிழிக்கும் வேலையை அதே பற்றீரியாவின் வேறு நச்சுகள் செய்கின்றன. கலங்களை உடைக்கும் அல்பா நச்சு சேர்ந்தால் பன்றி யோனி இழையத்தில் இதன் ஊடுருவல் கூடுகிறது என்று 2009இல் காட்டினார்கள். எவ்வளவு ஊடுருவுகிறது என்ற கேள்விக்கு இந்த மாதிரி எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

இருந்தாலும் முதல் ஆண்டில் நச்சைத் தொடாதீர்கள் என்பது என் கண்டிப்பான சொல். அதற்கு இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு ஆய்வுகூடமும், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும், எழுத்தில் அனுமதியும் வேண்டும். இவை உள்ள இடத்தோடு சேர்ந்து செய்யலாம். அதுவரைக்கும் கேள்விகளுக்குக் குறைவில்லை. 2024இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக பேர்க்லி ஆய்வாளர்கள் 30 தம்பன்களில் 16 உலோகங்களைத் தேடி, ஈயமும் ஆசனிக்கும் உட்பட அளக்கக்கூடிய அளவில் கண்டார்கள். அவை யோனிச் சுவரைத் தாண்டி உடலுக்குள் போகின்றனவா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. பிரான்ஸ் கலனும், உலோகம் அளக்கும் கருவியுள்ள ஒரு நண்பரும் கிடைத்தால் அது உங்களுக்கான வேலை.

எண்ணும்போது

ஒரு பன்றியிலிருந்து இருபது வட்டங்கள் வெட்டலாம். அதனால் உங்களிடம் இருபது மாதிரிகள் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. இருபது துண்டுகளும் ஒரே சூலகத்தின் ஓமோனில் ஊறியவை. ஒரு விலங்கின் துண்டுகளுக்குச் சராசரி எடுத்து, அதை ஒரு புள்ளியாக வையுங்கள். மூன்று விலங்குகள் என்பது முன்னோட்டம், ஆறுக்கு மேல் போனால் பேசலாம். ஒவ்வொரு விலங்கின் துண்டுகளிலும் எல்லாக் கட்டுப்பாடுகளும் இருக்க வேண்டும். திங்கட்கிழமைப் பன்றியில் படிகாரம், வியாழக்கிழமைப் பன்றியில் வெறும் கரைசல் என்று பிரித்தால், நீங்கள் ஒப்பிடுவது படிகாரத்தை அல்ல, பன்றிகளை.

தங்கையின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. நாலு பன்றிதான் ஆகியிருக்கிறது. யாராவது பெண்கள் அவளிடம் கேட்டால், யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம், வெள்ளைபடுதலில் நாற்றமோ அரிப்போ இருந்தால் வைத்தியரிடம் போங்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு எங்கள் நாலு பன்றிகளும் தேவையில்லை.

வேலை முடிந்ததும் மிச்ச இழையம் முழுவதையும் 121 பாகையில் அழுத்தக் கலத்தில் அவித்து, எரிக்கக் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் கோணேசர் வீதி நாய்களும் காகங்களும் உங்கள் ஆய்வை ஊரெல்லாம் பரப்பும். போர்மலினையும் எம்.ரி.ரி. கழிவையும் தொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தல்களில் சேருங்கள். ரெஜிபோம் பெட்டியை வெளுக்கும் திரவத்தால் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியின் மேல் பெரிய எழுத்தில் "உணவுக்கு அல்ல" என்று எழுதுங்கள். எங்களுடைய முதல் பெட்டியை யாரோ நல்ல பெட்டி என்று நினைத்து மீன் வாங்கக் கொண்டுபோய்விட்டார்கள்.